கழுத்து கழற்றும் அன்னங்கள்: ஏற்றுவது, இறக்குவது, மாட்டுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வில்லியனூரில் இருந்துகொண்டு புதுச்சேரி, பாகூர், கடலூர் வரைக்கும் கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு மேடைகளுக்கு அன்னப் பொம்மைகளை வாடகைக்கு விடுகிறேன். பெரியது 5 ஜோடி, கூடவே ஒரு ஒற்றை. நாலரை அடி உயரம். கழுத்தும் தலையும் சேர்ந்து ஒரே துண்டாகக் கழன்று வரும். வாசலிலிருந்து மேடை வரை வழிநெடுக வைக்கிற சின்ன அன்னம் 40 இருக்கிறது. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்குத்தான் எல்லோருக்கும் சந்தேகம் வரும், போன் வரும். அந்த நேரத்தில் சொல்கிற பதில்களைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சொந்தமாக அன்னம் வைத்திருக்கிற டெக்கரேஷன்காரர்களுக்கும் உதவும்.

ஒரே துண்டாகச் செய்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

நானும் முதலில் அப்படித்தான் வைத்திருந்தேன். அன்னத்துக்கு அழகே வளைந்த கழுத்துதான். வண்டியில் முதலில் உடைவதும் அதுதான். உடம்பு 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் குண்டாக உட்கார்ந்திருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. கழுத்தோ இரண்டே முக்கால் அடிக்கு நிமிர்ந்து நின்று ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆடிக்கொண்டே வரும். அடிக்கழுத்தில் முதலில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் விழும். நாலாவது கல்யாணத்தில் அது வாய் பிளக்கும். ஒட்டலாம், ஆனால் ஒட்டின இடத்துக்கு மேலே அரை அங்குலம் தள்ளி மறுபடி கீறும்.

தலை நிமிர்ந்து நின்றால் மேலே தார்ப்பாய் போடவும் முடியாது, ஒன்றின் மேல் இன்னொன்றை வைக்கவும் முடியாது. பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்றை ஒன்று கொத்திக்கொள்ளும். கடலூர் போய் இறக்கும்போது இரண்டின் மூக்கிலும் பெயின்ட் இருக்காது.

காகிதக்கூழா, ஃபைபரா? எது நல்லது?

எங்கள் பக்கத்தில் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்குப் பேர்போன ஊர், புவிசார் குறியீடு வாங்கினது. அழகில் அதை ஃபைபர் எட்டிப் பிடிக்காது. இறகின் ஓரத்தைக் கையால் இழுத்து விட்டிருப்பார்கள் பாருங்கள், அச்சில் வார்த்தால் அது வராது. எடையும் குறைவு. ஆனால் வாரத்துக்கு மூன்று தடவை ஏறி இறங்குகிற வாடகைப் பொருளுக்கு அது தாங்காது. ஈரம் பட்டால் ஊறும், மாவுப் பசைக்கு எலி வரும். கொலுவுக்கோ வீட்டு வரவேற்பறைக்கோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு காகிதக்கூழ் வாங்குங்கள். மேடைக்கு ஃபைபர். என்னிடம் இருக்கிற பெரியவை எல்லாம் ஃபைபர்தான். உடம்பு 9 கிலோ, கழுத்து 2 கிலோ.

வண்டியில் ஏற்றுவதற்கு முன் எப்படிக் கட்டுவது?

இதில்தான் முக்கால்வாசிப் பேர் தப்பு செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் சுற்று எப்போதும் பழைய பருத்தி வேட்டி. செய்தித்தாள் வேண்டாம். வெள்ளை அன்னத்தின் முதுகில் தலைப்புச் செய்தி கண்ணாடியில் தெரிகிற மாதிரி தலைகீழாகப் பதிந்துவிடும், எனக்கு ஒரு தடவை ஆகியிருக்கிறது. பபுள் ஷீட்டையும் நேராகச் சுற்றாதீர்கள். மே மாதம் தார்ப்பாய்க்கு அடியில் அடுப்பு மாதிரி கொதிக்கும். பெயின்ட் இளகி, ஒவ்வொரு குமிழும் வட்ட வட்டமாகத் தடம் போட்டுவிடும், அம்மை போட்ட மாதிரி. வேட்டிக்கு மேலே பபுள் ஷீட் சுற்றினால் பரவாயில்லை. புதிதாகப் பெயின்ட் அடித்ததற்குப் பக்கத்தில் தெர்மோகோல் வரவே கூடாது. பெயின்ட்டில் இருக்கிற தின்னர் அதைத் தின்று பிசின் மாதிரி ஒட்டவைத்துவிடும்.

கழுத்துக்குத் தனிப் பெட்டி. பழைய டிவி அட்டைப்பெட்டி ஒன்றில் இரண்டு கழுத்து படுக்கும், தலையும் காலும் மாறி மாறி. நடுவில் வைக்கோல். வைக்கோல் வித்தையை நான் கடலூர் வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்கிறவர்களிடம் பார்த்துக் கற்றுக்கொண்டேன். மண் பொம்மையை மூட்டை மூட்டையாக வெளியூருக்கு அனுப்புகிற கைகள் அவை. கையில் எடுத்த வைக்கோலைப் புரி மாதிரி லேசாக முறுக்கி, வளைவுக்குள் திணிக்க வேண்டும். அப்படியே தூவினால் பத்து கிலோமீட்டரில் அடியில் போய் உட்கார்ந்துவிடும். பெட்டியை மூடிவிட்டு இரண்டு கையாலும் தூக்கிக் குலுக்குங்கள். உள்ளே சத்தம் கேட்டால் இன்னும் இரண்டு கைப்பிடி.

கழுத்தை மாட்டுகிற போல்ட்டும், கையால் திருகுகிற விங் நட்டும் சின்ன ஜிப் பையில் போட்டு, அந்தக் கழுத்தோடேயே கட்டிவிட வேண்டும். "சட்டைப் பையில போட்டுக்கிறேண்ணே" என்று சொல்கிற பையனை நம்பாதீர்கள். சட்டை அடுத்த நாள் துவைக்கப் போய்விடும்.

என்ன வண்டி பிடிக்கலாம்?

குட்டி யானை போதும். பின்னால் 7 அடி நீளம், நாலேமுக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். நீளத்தில் இரண்டு, அகலத்தில் மூன்று என்று 6 உடம்பு ஒரே தட்டில் உட்காரும். அதன்மேல் பழைய மெத்தை ஒன்றைப் போட்டு, சின்ன அன்னங்களை வைக்கலாம். கயிற்றை முதுகின் மேலே இழுத்துக் கட்டாதீர்கள், இறகு நுனி போய்விடும். உடம்புக்கும் வண்டியின் பக்கப் பலகைக்கும் நடுவில் மெத்தைத் துண்டைச் செருகிவிட்டால் கயிறே வேண்டாம்.

கழுத்துப் பெட்டி பின்னால் போகக் கூடாது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் வைக்க வேண்டும். கூட வருகிற ஆள் பின்னால் உட்காரட்டும். எங்கள் டிரைவர் அண்ணன் அதற்கு சீட் பெல்ட்டே போட்டுவிடுவார்.

பைக்கில்? சின்ன அன்னம் நாலு வரைக்கும் கொண்டுபோகலாம். பெரியது வேண்டாம். பஸ்ஸில்? கண்டக்டர் நல்ல மனுஷராக இருந்தால்.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குக் கொண்டுபோனால் பில் ஏதாவது வேண்டுமா?

கையில் ஒரு டெலிவரி சலான் இருக்கட்டும். என்ன பொருள், எத்தனை, வாடகைக்குப் போகிறது, திரும்பி வரும், எந்த மண்டபம் என்று எழுதினால் போதும். இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான் என்றாலும் கணக்குப்படி இது மாநிலம் விட்டு மாநிலம். ஒரு லோடின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ஈ-வே பில் விஷயம் வரும். உங்களுக்கு அது பொருந்துமா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து போகிற வண்டியைப் பாட்டிலுக்காகச் சோதிப்பது சகஜம். ஒரு ராத்திரி ஒரு காவலர் டார்ச் அடித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார். வைக்கோலுக்குள்ளிருந்து இரண்டு கழுத்து, மை தீட்டின கண்ணோடு அவரைப் பார்த்தது. "அடப்பாவி, என்னய்யா இது!" என்று ஒரு அடி பின்னால் போய்விட்டார். அப்புறம் அவரே வைக்கோலைச் சரி செய்து மூடிக்கொடுத்தார். அன்றிலிருந்து பெட்டியின் மேல் மார்க்கரில் "அன்னம் தலை 2" என்று எழுதிவிடுகிறேன்.

சரி, மாட்டுவது எப்படி?

உடம்பின் மேலே குழிக்குள் ஒரு 63 எம்எம் பிவிசி பைப் துண்டு பதிந்திருக்கும். அதை காலர் என்போம். கழுத்தின் அடியில் 50 எம்எம் பைப் அரை அடிக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அது இதற்குள் போகும். இரண்டுக்கும் நடுவில் சுற்றிலும் 4 எம்எம் அளவுக்கு இடைவெளி இருக்கும், அதனால் வெறுமனே செருகினால் தலை கடகடவென்று ஆடும். அங்கே பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டிச் சுற்ற வேண்டும். இரண்டு சுற்றில் கைக்கு இறுக்கம் தெரியும். மூன்றாவது சுற்று சுற்றினால் கழற்றும்போது மூன்று பேர் வேண்டும்.

முதலில் உடம்பை மேடையில் அது நிற்க வேண்டிய இடத்திலேயே வைத்துவிடுங்கள். தலையை மாட்டிவிட்டு நகர்த்துவது கூடாது. அடியில் திறப்பு இருக்கிறது, அதற்குள் 10 கிலோ அரிசிப் பையில் மணல் நிரப்பி வையுங்கள். ஒருவர் கழுத்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். ஒரு கை அடியில், ஒரு கை நடு வளைவில். தலையைப் பிடிக்காதீர்கள், மூக்கைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். பல்பு மாட்டுகிற மாதிரிதான்: கொஞ்சம் கோணலாகத் திருப்பிப் பிடித்து உள்ளே இறக்கி, அழுத்திக்கொண்டே நேராகத் திருப்ப வேண்டும். காலரிலும் பைப்பிலும் போட்ட ஓட்டைகள் ஒன்றன் நேராக ஒன்று வரும்போது வெளிச்சம் தெரியும். செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் வைத்தால் மறு பக்கம் ஒரு புள்ளி மின்னும். அப்போது போல்ட்டை விட்டு, விங் நட்டைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டால் ஃபைபர் நசுங்கும்.

கடைசியாக மூட்டு தெரிகிற இடத்தில் பூச்சரமோ முத்துமாலையோ சுற்றிவிடுங்கள். யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அன்னத்துக்குத் தொண்டை வலி வந்து மப்ளர் கட்டின மாதிரி இருக்கும்.

மாட்டின பிறகும் தலை கொஞ்சம் திரும்பியே நிற்கிறது.

தலை மாறியிருக்கிறது. கீழே பாருங்கள்.

எல்லாத் தலையும் ஒரே மாதிரிதானே, எண் எதற்கு?

ஒரே அச்சில் வார்த்தாலும் ஓட்டை போடுவது கை. கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால் மேலே மூக்கு நுனியில் இரண்டு விரல் அகலம் தள்ளிப் போகும். அதனால் ஒவ்வொரு உடம்பின் காலருக்குள்ளும், அதன் கழுத்தின் பைப்பிலும் ஒரே எண்ணைப் பெயின்ட்டில் எழுதுங்கள். "3 இடம்", "3 வலம்" என்று. மார்க்கர் ஒரு மழைக்குத்தான் வரும்.

நான் இதை வலிக்க வலிக்கத்தான் கற்றேன். திருவந்திபுரத்தில் பெரிய முகூர்த்த நாள். தேவநாதசுவாமி கோயிலைச் சுற்றி எத்தனை கல்யாணம் நடக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். ஒரு மண்டபத்து மேளச் சத்தம் அடுத்த மண்டபத்துத் தாலி கட்டுக்குக் கெட்டிமேளமாகிவிடும். காலை பத்தரைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் மேடையைப் பிரித்துத் தெருவில் அடுக்குகிறார்கள். எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் வேறு இரண்டு டெக்கரேஷன் வண்டிகள். சாயங்காலம் வில்லியனூரில் இறக்கிப் பார்த்தால் ஒரு கழுத்து சந்தன வெள்ளை. என்னுடையவை பால் வெள்ளை. யாருடைய அன்னமோ என் வீட்டுக்கு வந்துவிட்டது, என் 6 வலம் எங்கேயோ போய்விட்டது. இரண்டு வாரம் தெரிந்த டெக்கரேஷன்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன். கிடைக்கவில்லை.

மேடையில் எந்தப் பக்கம் பார்த்து வைப்பது?

முகூர்த்தத்துக்கு ஒன்றை ஒன்று பார்க்கட்டும். ரிசப்ஷனுக்கு மூக்கை ஒரு சாண் வெளிப்பக்கம், கேமரா இருக்கிற பக்கமாகத் திருப்புங்கள். ஒரேயடியாகக் கேமராவைப் பார்த்துத் திருப்பிவிட்டால் போட்டோவில் கழுத்து வளைவு விழாது, இரண்டு குச்சி நிற்கிற மாதிரி இருக்கும்.

பீச் ரிசார்ட்டில் கல்யாணம். கடல் காற்றுக்குத் தாங்குமா?

தாங்கும், மணல் மூட்டையை இரண்டாக்கினால். மதியத்துக்கு மேல் காற்று கடலிலிருந்து அடிக்கும். அன்னத்தின் முதுகைக் காற்றுப் பக்கம் காட்டி வைத்தால் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். பக்கவாட்டில் வைத்தால் கழுத்து பாய்மரம் மாதிரி பிடிக்கும்.

இரும்பு போல்ட் மட்டும் போடாதீர்கள். உப்புக் காற்றுக்கு ஒரே மழைக்காலத்தில் துரு வந்து, வெள்ளைக் கழுத்தில் பழுப்பாக ஒழுகும். அன்னம் அழுதுகொண்டே கல்யாணம் பார்த்த மாதிரி இருக்கும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) போல்ட் கொஞ்சம் விலை கூட, அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் என்றால் வெளியில் வைக்கிறதாகவே திட்டம் போடாதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல், இரண்டும் நம் கரையில்தான் ஏறின. புயல் எச்சரிக்கை இருந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், சண்டை வேண்டாம்.

வெளிநாட்டில் வேட்டைக்கு வைக்கிற போலி வாத்துகளுக்கும் தலை கழற்றுவார்களாமே?

ஆமாம். என் அக்கா மகன் கனடாவில் சஸ்காட்செவனில் இருக்கிறான். அவன் வேலை செய்கிற பண்ணையில் அறுவடை முடிந்த வயலில் இதைப் பார்த்துவிட்டு வீடியோ அனுப்பினான். இலையுதிர் காலத்தில் வடக்கேயிருந்து கனடா வாத்துகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே இறங்கும். வேட்டைக்காரர்கள் விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு, டஜன் டஜனாகப் பிளாஸ்டிக் வாத்துகளை வயலில் பரப்புவார்கள். மேலே பறப்பவை, கீழே நம் ஆட்கள் மேய்கிறார்கள் என்று நம்பி இறங்க வேண்டும்.

முழு உடம்பு வாத்துகளை அறை அறையாகத் தைத்த பெரிய பைகளில், ஒரு அறைக்கு ஒன்று என்று போடுகிறார்கள். ஓடு மட்டும் இருக்கிற ரகம் இன்னொன்று உண்டு. அடியில் திறந்திருக்கும், தலையைக் கழற்றிவிட்டால் டம்ளர் அடுக்குகிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போய்விடும். இதைப் பார்த்துத்தான் என் சின்ன அன்னங்களை அடி திறந்த மாதிரி வார்க்கச் சொன்னேன். 40 அன்னம் இப்போது நாலு அடுக்காகப் போகிறது. பெரியதில் இது நடக்காது, உள்ளே காலர் இடிக்கும்.

தலைகளிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குனிந்து மேய்கிற தலை, சும்மா நிற்கிற தலை, நிமிர்ந்து காவல் பார்க்கிற தலை என்று தனித்தனி. பெரும்பாலும் மேய்கிற தலைதான் மாட்டுவார்கள். நிறைய தலை நிமிர்ந்திருந்தால், ஏதோ ஆபத்து, எல்லாம் உஷாராக இருக்கின்றன என்று மேலே இருப்பவை இறங்காது. காற்றுக்கு எதிராகத்தான் வாத்து இறங்கும் என்பதால், நடுவில் அது இறங்க ஒரு வெற்றிடமும் விடுவார்கள். உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து மற்றதை அழைப்பதும் ஒரு காலத்தில் இருந்தது. அமெரிக்காவில் 1935இல் அதைத் தடை செய்துவிட்டார்கள். போலி வாத்து அதைவிட ரொம்பப் பழசு. நெவாடாவில் லவ்லாக் குகையில் 1924இல் கோரைப்புல்லில் கட்டிய வாத்துகள் கிடைத்தன, சுமார் 2,000 வருஷத்துப் பொருள். நம் ஊரில் கோரையில் பாய் பின்னினோம், அவர்கள் வாத்து பின்னியிருக்கிறார்கள்.

எனக்கு வேட்டை பிடிக்காது. அடுக்குகிற வித்தை பிடித்திருந்தது.

அப்படியென்றால் உங்கள் அன்னத்தை ஊசுட்டேரியில் மிதக்கவிட்டு பறவை போட்டோ எடுக்கலாமா?

கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். தர மாட்டேன். அது பறவைகள் சரணாலயம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே காட்டுப் பறவையை வேட்டையாடுவது குற்றம், சரணாலயத்தில் சும்மா தொந்தரவு செய்வதற்கும் சட்டம் இடம் கொடுக்காது. என் அன்னம் மிதக்கவும் மிதக்காது.

நிஜ அன்னம் எது என்று கேட்பவர்களுக்கு: பட்டைத்தலை வாத்துதான் அது என்று சொல்பவர்கள் உண்டு. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். இமயமலையைத் தாண்டி வந்து குளிர்காலத்தில் திருநெல்வேலி கூந்தன்குளத்தில் இறங்கும். போய்ப் பாருங்கள், கழுத்து நம் பொம்மை அளவுக்கு நீளமில்லை.

பிரிக்கும்போது கவனிக்க வேண்டியது?

பெண் வீட்டார் மேடையை விட்டு இறங்கும் வரை கழுத்தில் கை வைக்காதீர்கள். ஒரு தடவை எங்கள் பையன் அவசரப்பட்டு, மாலையும் கழுத்துமாக மணமக்கள் நிற்கும்போதே பின்னாலிருந்து தலையைக் கழற்றிவிட்டான். மாப்பிள்ளையின் பாட்டி பார்த்துவிட்டார். "ஏம்பா, நல்ல நாளும் அதுவுமா தலைய எடுக்கிறியே!" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் "தலையைக் கழற்று" என்று மண்டபத்தில் சொல்வதில்லை. "அன்னத்தைப் படுக்க வை" என்போம். முதலில் மேலே ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்தி, அதற்குள் கை விட்டுத்தான் நட்டைத் திருகுவது. நட்டு கழன்றதும் நேராக மேலே இழுக்காதீர்கள், இடமும் வலமும் லேசாகத் திருகிக்கொண்டே தூக்குங்கள். சைக்கிள் ட்யூப் பிடித்துக்கொண்டிருக்கும். வரவில்லை என்றால் காலருக்குள் முகப் பவுடர் கொஞ்சம் தூவுங்கள். எண்ணெய் விட்டால் ட்யூப் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

மூக்கு உடைந்துவிட்டது. பணம் எவ்வளவு?

உடைந்த துண்டு இருந்தால் ஒன்றும் வேண்டாம், ரெசினும் ஃபைபர் மேட்டும் வைத்து நானே ஒட்டிக்கொள்கிறேன். துண்டு இல்லையென்றால் 300 ரூபாய். ஃபெவிக்குவிக் போட்டு ஒட்டி, பூ வைத்து மறைத்துக் கொடுத்தால் 500.

ஜோடியாகத்தான் எடுக்க வேண்டுமா? ஒற்றை அன்னம் கிடைக்குமா?

கல்யாணத்துக்கு ஒற்றை கொடுப்பதில்லை, கேட்கிறவர்களும் இல்லை. வளைகாப்புக்கோ, குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கோ கேட்டால் "6 இடம்" என்று எண் போட்ட அன்னம் இருக்கிறது. அதன் ஜோடி உடம்பு என் வீட்டு வாசலில், காலருக்குள் மண் நிரப்பி, மணி பிளான்ட் வளர்க்கிறேன். வந்தால் பார்க்கலாம். ஒற்றைக்கு வாடகை பாதிதான். கழுத்து கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.